துத்தம் போட்டேனா

போட்டேனா. போட்டேன். இல்லை, போட எடுத்தேன். எடுத்தால் போட்டதாகிவிடுமா. அடுப்பிலிருந்து மண்சட்டியை இறக்கினேன், அது நிச்சயம், பிடிதுணி ஈரமாக இருந்து விரல் சுட்டது, இப்போதும் சுண்டுவிரல் எரிகிறது. மைதா கட்டி தட்டாமல் கண்ணாடி மாதிரி வந்திருந்தது, அடியே பிரமசக்தி, நீ பாயசம் காய்ச்சினால் ஒருநாளும் இப்படி வரமாட்டேங்குது, பலகையில் சேலை ஒட்டுவதற்குப் பசை காய்ச்சினால் மட்டும் அமிர்தமாக வருதே என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன், அந்தச் சிரிப்புகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு பரணிலிருந்து மயில்துத்தப் பொட்டலத்தை எடுத்தேன். மயில் கழுத்து நிறத்தில் கல்கல்லாக இருக்கும். பட்டாணி அளவு எடுத்து ஓட்டுச் சில்லில் வைத்து நுணுக்கி, சட்டி ஆறுவதற்குள் தூவிக் கிண்டவேண்டும், அப்போதுதான் ஒட்டின துணியைப் பூச்சி அண்டாது. இது பெரிய பலகை, கொஞ்சம் கூடவே போடு என்று அவுக காலையில்தான் சொன்னாக. கூடவே. பூச்சி தொடாத விஷத்தை ஒன்றரை வயசுப் பிள்ளை கை கையாக அள்ளித் தின்றிருக்கிறது, கூடப் போட்டேனா குறையப் போட்டேனா போடவே இல்லையா என்று அதைக் காய்ச்சின தாய்க்குத் தெரியவில்லை. நுணுக்கினேனா. அந்த நேரத்தில்தான் தெருவில் சேசம்மா குரல், "நெத்திலி, துள்ளுது தாயி, துள்ளுது." துள்ளுகிற நெத்திலியை இவள் ஒருத்திதான் இந்த உலகத்தில் விற்கிறாள். போய், "எங்க துள்ளுது, உன் வாயிலதான் துள்ளுது" என்றேன், அவளும் விடாமல், "ஒன் வீட்டுக்காரரு வெள்ளையில வெள்ளைய வரைஞ்சா படமுங்கே, நான் செத்த மீனைத் துள்ளுதுன்னா பொய்யுங்கே" என்றாள், இரண்டு பேரும் சிரித்தோம். மீனைத் தொட்டுப் பார்த்தேன். துத்தம் நுணுக்கின கையாக இருந்தால் கழுவிவிட்டுத்தானே போயிருப்பேன். கழுவினேனா. முந்தானையில் துடைத்தேன், துடைத்தது தெரிகிறது. துடைத்திருந்தால் முந்தானையில் நீலம் பட்டிருக்கும், இதோ முந்தானை, நாசமாகப் போக, இன்றைக்கென்று பார்த்து நீலக் கட்டம் போட்ட சேலை.

கல்லுக்கல்லாகத் தேடிப் பார்த்தாயிற்று. பொட்டலம் அடுப்பு மேடையில் கட்டவிழ்ந்து கிடந்தது, அதிலிருந்து ஒரு பட்டாணி போனதா போகவில்லையா என்று யார் சொல்வது. ஓட்டுச் சில்லு என்றைக்குமே நீலம்தான், அது நேற்று நீலமா இன்று நீலமா. சட்டி இருந்தால் அடியில் பார்த்திருக்கலாம். சட்டியைத்தான் நான் கழுவிவிட்டேனே. பிள்ளை, உலகு, அதற்குள் முகத்தை விட்டு நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பிடுங்கினேன், பிள்ளையைக்கூடத் தூக்கவில்லை முதலில், சட்டியைப் பிடுங்கி ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி மண் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். பசைச் சட்டியைக் கழுவாமல் வைக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். சட்டியைத் தரையில் வைக்கக்கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான், அதை அவுக மீறினாக. அவுகளுக்கு முதுகுப்பக்கம் சட்டி, சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளை, அவுக குனிந்து பலகையில் சேலையைச் சுருக்கமில்லாமல் தடவிக்கொண்டிருந்தாக, நான் கொல்லையில் மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ரெண்டு பெரிய ஆள் இருக்கிற வீடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், டாக்டர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், கம்பவுண்டர்தான் இருந்தார், "துத்தம் இருந்தா அது ஒரு வைத்தியம், இல்லாட்டி வெறும் மாவு, வயிறு உப்பும், சரியாப் போவும். இருக்கா இல்லையா, முதல்ல அதைச் சொல்லும்மா" என்றார். ஞாபகமில்லை சார் என்றேன். "பின்ன பசை காய்ச்சினது யாரு, நானா?" என்றார். அந்த மனுசன் கேட்டது நியாயம். "தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. வழியில தானா வாந்தி எடுத்தா நிறத்தைப் பாருங்க, நீலமோ பச்சையோ தட்டினா உடனே சொல்லணும். நீங்களா விரலை விட்டுறாதீங்க." எனக்கு விரலை விடத்தான் கை துடிக்கிறது. பஸ் ஆத்தூர் தாண்டியாயிற்று. முக்காணிப் பாலத்தில் காற்று குளிர்ந்து வந்தது, பிள்ளை அந்தக் காற்றுக்குக் கண்ணைச் செருகுகிறது. தூக்கமா, அல்லது வேறா. தொடையில் கிள்ளினேன். சிணுங்கிவிட்டுச் சிரித்தது. அப்பாடா, சிரிக்கிற பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் உலகு எதற்குத்தான் சிரிக்கவில்லை, ஊசி போட்ட நர்ஸைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, என்னைக் கொண்டு பிறந்தது. துத்தம் கசக்கும், கசந்தால் துப்பியிருக்கும் என்று மனசைத் தேற்றினால், அந்த மனசே போன மாசம் சலவை சோப்பை விள்ளல் விள்ளலாகத் தின்றதை எடுத்து நீட்டுகிறது.

அவுக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காக. கையெல்லாம் பசை காய்ந்து தோல் உரிகிற மாதிரி உரிகிறது, உரித்துக்கூடப் போடவில்லை, மடியில் இரண்டு கையையும் மல்லாக்க வைத்திருக்காக, கடன் கேட்டு வந்தவர் மாதிரி. தளவாய் என்று பேர் சொன்னால் மெட்ராஸில் படம் வரைகிறவர்களுக்குத் தெரியுமாம், எங்கள் ஊரில் கொம்பையா மகன் என்றால்தான் தெரியும். மாமா உப்பளத்தில் உப்பு வாரினவர், வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போனார், இவுக சின்னப் பிள்ளையில் அவருக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து உப்பையே பார்த்துக்கொண்டிருப்பாகளாம். மெட்ராஸில் போய்ப் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, அங்கே இருந்தால் எனக்கு வெள்ளையே தெரியவில்லை என்று திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாரானவுக. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அண்ணன் கேட்டான், "மாப்பிள்ள என்ன வரைவீக, சாமிப் படமா, ஆள் படமா?" இவுக, "உப்பு" என்றாக. அண்ணன் உள்ளே வந்து, "ஏட்டி, உப்பை வரையுறவராம்லா, சோத்துல போடுறதுக்காவது மிச்சம் வைப்பாரா கேட்டுக்கோ" என்றான். நான் அப்போது சிரித்த சிரிப்பு வெளியே கேட்டுவிட்டது. அதைக் கேட்டுத்தான் சரி சொன்னாகளாம். கல்யாணமான புதிதில் என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "என்ன தெரியுது?" என்பாக. வெள்ளைதான் தெரியுது என்பேன். "வெள்ளைன்னு ஒண்ணு கிடையாது பிரமு. விடியுமுன்னாடி உப்புல நீலம் இருக்கும். பத்து மணிக்கு அது போயிரும். மழைக்கு முன்னாடி ஒரு சாம்பல் வரும், பொம்பளைங்க வெடிச்ச காலால மிதிச்ச எடத்துல சிவப்பு." எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வேட்டி துவைத்துச் சொட்டு நீலம் போட்டு அலசிக் காயப்போட்டால், தூரத்திலிருந்தே, "இன்னிக்கு ஒரு சொட்டு கூடிப்போச்சு" என்று சொல்லுவாக. சும்மா சொல்கிறாகளோ என்று ஒருநாள் வேண்டுமென்றே ஒன்றில் மட்டும் போடாமல் விட்டேன். கொடியில் கிடந்த நாலில் அதைச் சரியாகத் தொட்டுக் காட்டினாக. அன்றைக்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை. கட்டம் போட்ட என் சேலை உப்பள வரப்பில் காய்ந்ததைப் பார்த்துத்தான் சேலையைப் பலகையில் ஒட்டி அதன்மேல் வரைகிற யோசனை வந்ததாம். அதிலிருந்து என் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். நைந்தது மட்டும்தான் கொடுப்பேன், ஒட்டினால் நூல் நூலாக மேலே தெரியும், அந்தக் கட்டமெல்லாம் பாத்தி பாத்தியாக உப்பளமாகிவிடும், நான் கட்டிக் கிழித்த சேலையில் ஊரே உப்பு வாரிக்கொண்டு நிற்கும். இப்போது ஒட்டினது உலகுவின் தொட்டில் சேலை. பிள்ளைதான் தொட்டிலில் படுக்க மாட்டேங்குதே, தந்துரு என்று நச்சரித்து நேற்றுத்தான் வாங்கினாக. பிள்ளை படுத்த கனத்தில் அதன் நடு கொஞ்சம் தொய்ந்திருந்தது. அந்தத் தொய்வு வேண்டும், அதை அப்படியே ஒட்டவேண்டும் என்றாக. பழைய தொட்டிலைத் தேடித்தான் அங்கே போயிருக்குமோ பிள்ளை. யோசிக்காதே. போட்டேனா.

துத்தம் போடுவது என் வேலை. அவுக படத்தில் எனக்கிருக்கிற ஒரே வேலை. அது எப்படி என் வேலையாச்சு என்றால், எங்களுக்குக் கல்யாணமான வருசம் மெட்ராஸில் பெரிய மண்டபத்தில் முதல் தடவையாக இவுக படம் வைத்தாக. மழைக்காலம் பூராவும் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் கிடந்த பலகைகள், அத்தனையும் துத்தமில்லாத வெறும் மாவுப் பசை. அங்கே போய் எல்லார் முன்னாலும் சாக்கைப் பிரித்தால் கரப்பான் மேய்ந்திருக்கிறது. துணி பொத்தல் பொத்தலாக, பலகை பல்லிளித்துக்கொண்டு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. மாட்டாமல் கொண்டுவந்துவிடுகிறேன் என்று இவுக கெஞ்ச, நேரமில்லை என்று மாட்டிவிட்டார்கள், பத்திரிகையில் எழுதுகிற ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, இந்த ஓவியர் வெள்ளைக்கு நடுவே விட்டிருக்கும் ஓட்டைகள் உப்பளத் தொழிலாளியின் வாழ்வைச் சொல்கின்றன என்று எழுதிவிட்டார். ஊரில் எல்லாரும் பாராட்டினார்கள். இவுக அந்தப் பேப்பரை அடுப்பில் போட்டுவிட்டு, "கரப்பானுக்குப் போயி மாலை போடச் சொல்லு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாக, அதற்குப் பிறகு வருசம் முழுக்கத் தூரிகையைத் தொடவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வாக. ஓட்டை என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது, வாளியில் ஓட்டை விழுந்தால்கூட ஒழுகுது என்றுதான் சொல்லுவேன். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் துத்தம் போடுவார்கள் என்று நான் கேட்டு வந்து, அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, இனி பூச்சி வந்தால் என்னைக் கேளுங்க என்று வாக்குக் கொடுத்தேன். அப்புறம்தான் மறுபடி வரைந்தாக. இப்போது டெல்லிக்குப் போகப் போகிற படம் இது, இத்தனை வருசம் வரைந்ததெல்லாம் இதற்குத்தான் என்று ஒருநாள் தன்னையறியாமல் சொன்னாக. போட்டிருந்தால் படம் பிழைக்கும். போடாவிட்டால் பிள்ளை பிழைக்கும். இப்படியொரு கணக்கை எந்தச் சாமி போட்டது. அம்மா பிரமசக்தி, நீ என் பேரைக் கொண்டவள், நான் இன்றைக்கு மறதிக்காரியாக, பொறுப்பில்லாதவளாக, வாக்குத் தவறினவளாக இருக்கவேண்டும், அந்த நெத்திலிக்காரியோடு வாயாடிவிட்டு வந்து வெறும் பசையைக் கொண்டுபோய்க் கொடுத்தவளாக இருக்கவேண்டும்.

பிள்ளை உதடு நீலம். ஐயோ. உதடு, கன்னம், நெற்றி எல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கிறது, பிறகு என் கையைப் பார்த்தால் அதுவும் நீலம். பஸ் ஜன்னலின் நீலப் படுதா. முழங்கையால் தூக்கினேன், வெயில் வந்தது, பிள்ளை பிள்ளையின் நிறத்துக்கு வந்தது. இரு, மனசே, இரு. பக்கத்து சீட்டில் வெற்றிலைக் கூடையோடு இருந்த அக்கா இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள், "என்ன தாயி, பிள்ளை மூஞ்சியில மாவா அப்பியிருக்கு?" பசையைத் தின்னுட்டுக்கா என்றேன். "பசையா? வீட்டுக்காரருக்கு சினிமா போஸ்டர் ஒட்டுற வேலையா?" இல்லக்கா, படம் வரைவாக. அவள் இவுகளை மேலும் கீழும் பார்த்தாள், "படம் வரையுறவருக்கு எதுக்குப் பசை, பென்சில்லா வேணும்" என்றாள். மற்ற நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பேன். இவுக திரும்பக்கூட இல்லை. என்ன நினைக்கிறாக. கிளம்பும்போது கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாக. கதவைச் சாத்தியாச்சா என்று பார்த்திருக்கலாம். பலகையைப் பார்த்திருக்கலாம், பாதி ஒட்டினபடி கிடக்கிறது, ஓரம் காய்ந்தால் சுருங்கும். கேட்டாகளே, "துத்தம் போட்டியா?" ஒவ்வொரு பலகைக்கும் கேட்கிற அதே கேள்வி, அதே குரல், ஒரு இம்மி கூட மாறவில்லை. அது பிள்ளைக்காகக் கேட்டதா, பலகைக்காகக் கேட்டதா. ச்சீ, இப்படி நினைக்கிற என் வாயில் அந்தத் துத்தத்தை வைக்கவேண்டும். உலகு பிறந்தபோது அதன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு இந்தச் சிவப்பு எனக்கு வராது, எனக்கு வராது என்று அழுத மனுசன். ஆனால் அழுதது பிள்ளைக்கா சிவப்புக்கா. பழையகாயல் போயிற்று. முள்ளக்காடு வருகிறது. இரண்டு பக்கமும் உப்பளம், குவித்த உப்பின்மேல் ஓலை வேய்ந்திருக்கிறார்கள், வெள்ளை கண்ணைக் குத்துகிறது. என்றைக்கும் இந்த இடம் வந்தால் கழுத்தை வெளியே நீட்டிவிடுகிறவுக, இன்றைக்கு உப்பைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளை வாயையே பார்க்காக. ஒருவேளை என்னிடம் மறுபடி கேட்கப் பயமோ. எனக்கும்தான். நான் போட்டேன் என்று சொன்னால் என்ன செய்வாக, போடவில்லை என்றால் என்ன செய்வாக, இரண்டில் எதற்கு அந்த முகம் தெளியும், அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நான் எப்படி அந்த வீட்டில் சோறு பொங்குவேன்.

தூத்துக்குடிக்குள் நுழையும்போது ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி, உப்பு ஏற்றினதுதான், பெட்டி பெட்டியாக முடியவே முடியாமல் போகிறது. பஸ் நின்றதும் காற்று நின்றது, டீசல் நாற்றம், கருவாட்டு நாற்றம். உலகு நெளிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. வயிறு என் கைக்குள் ஒரு தடவை எக்கியது. ஏங்க என்றேன், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, இவுக இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாய்க்குக் கீழே நீட்டிவிட்டாக. உலகு அந்தக் கை நிறைய வாந்தி எடுத்தது, மிச்சம் சட்டையில், மடியில். "ஏய், வெளிய எடுக்கச் சொல்லுங்கப்பா, பஸ்ஸை யாரு கழுவுறது" என்று கண்டக்டர் கத்தினார், வெற்றிலைக்கார அக்கா, "வாயை மூடும், பச்சப்பிள்ளை" என்று அவரை அடக்கினாள். நான் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும். பசை, காலையில் ஊட்டின இட்லி, பால், எல்லாம் ஒன்றாக. வெள்ளையா. வெள்ளை மாதிரி. ஓரத்தில் ஏதோ தெரிகிறதே, நிழலா, என் சேலையா. எனக்குக் கண் நீர் முட்டி எல்லாமே நீலமாகவும் தெரிகிறது. "படுதாவைத் தூக்கு" என்றாக இவுக. தூக்கிப் பிடித்தேன். ஏந்தின கையோடு ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நீட்டி, கண்ணைப் பாதி மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாக. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பலகைக்கு முன்னால் நிற்கும்போது பார்க்கிற பார்வை, அப்போது வீடு தீப்பிடித்தாலும் கேட்காது. கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் ஹாரன். ஒரு விரலால் விலக்கி அடியில் பார்த்தாக. மோந்து பார்த்தாக. நிழலுக்குக் கொண்டுவந்து பார்த்தாக, மறுபடி வெயிலுக்கு. சொல்லுங்களேன் என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினேன்.

"வெள்ளை" என்றாக. நல்லாப் பாருங்க என்றேன். "வெள்ளைட்டி." நல்லாப் பாருங்க, இம்மி இருந்தாலும். "எனக்குத் தெரியாதா? ஒரு பொட்டு நீலம் இருந்தா எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது, உடைந்து மேலே போனது, இந்த மனுசன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "போடலட்டி நீ! துத்தம் போடல! மறந்துட்ட பிரமு, நீ மறந்துட்ட!" ஏதோ நான் பரிட்சையில் பாஸான மாதிரி, ஊரைக் கூட்டிச் சொல்லுகிற மாதிரி. கண்டக்டர், "எதைப் போடலையாம்?" என்று கேட்க, அந்த அக்கா, "என்னமோ மறந்துட்டாளாம், அதுக்கு இம்புட்டு சந்தோசம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை, இரண்டும் மூக்கு வழியாக வந்தது. உலகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழக்கதோசம், அதுவும் சிரித்தது. தண்ணீர் கேட்டது. எதற்கும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீடு, அதில் மாற்றமில்லை என்றேன். ஆமா ஆமா என்றாக. அப்புறம்தான் எனக்குப் பலகை ஞாபகம் வந்தது. ஒட்டினது ஒட்டினதுதான், இனிப் பிரித்தால் அந்தத் தொய்வு போய்விடும், சேலை அது ஒன்றுதான். "டெல்லியில போய்ப் பிரிச்சா" என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றேன். இவுக கையை வெளியே உதறிவிட்டுச் சொன்னாக, "ஓட்டை விழட்டும். ஓட்டையைத்தானே அன்னிக்கே நல்லாருக்குன்னு எழுதுனான்." எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த வாயால் நான் இப்போதுதான் கேட்கிறேன். கேட் தூக்கினார்கள். பஸ் உறுமிக் கிளம்பியது. முந்தானையை நனைத்து, சட்டையில் பட்டதைத் துடைங்க, காய்ஞ்சு ஒட்டிக்கிடும் என்று நீட்டினேன். வாங்கவில்லை. சட்டையை இரண்டு விரலால் தூக்கி வெயில் படும்படி பிடித்துக்கொண்டு, "இரு, காயட்டும். காய்ஞ்சப்புறம் ஒரு தடவை நிறம் பாத்துக்கிடுதேன்" என்றாக. பிள்ளைக்காகவா படத்துக்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப் வருகிறவரைக்கும் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.